நான்காம் இருக்கையும் மூன்றாவது மணியும்

அனுப்புநர்:
நான்காம் இருக்கைப் பணியாளர்,
தொலைபேசிப் புகார் பிரிவு,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அதே அலுவலகம், மூன்றாம் தளம்.

பொருள்: நான்காம் இருக்கையிலிருந்து விடுவித்து, தொலைபேசி இல்லாத பதிவறைக்கு மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நூற்று முப்பது முறை சொல்கிறேன். தங்களுக்குச் சொல்வது மட்டுமே நானாகச் சொல்வது.

1. ஒன்பது ஆண்டுகளாக இப்பிரிவில் பணிபுரிகிறேன். மூன்றாவது மணி அடிப்பதற்குள் தொலைபேசியை எடுக்க வேண்டும். தவறினால் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். நான்கு நிமிடத்தில் பேச்சை முடிக்க வேண்டும். எங்கள் சொந்தக் கைபேசிகள் பணி முடியும்வரை வாசலருகே உள்ள இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். இவ்விதிகளைக் குறை கூற நான் வரவில்லை. இவை எனக்குள் குடியேறிவிட்டன என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன்.

2. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் மூன்றாவது விசிலுக்குள் ஓடிப்போய் அணைக்கிறேன். அரிசி பாதி வெந்திருக்கும். தெருவில் சைக்கிள் மணி கேட்டாலும் கை தானாகக் காதருகே போகிறது. வீட்டார் முதலில் சிரித்தார்கள். இப்போது வாசல் மணியைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

3. பணியாளர்களின் மன அழுத்தத்தைப் போக்கத் தாங்கள் ஏற்பாடு செய்த ஒரு மணி நேர மூச்சுப் பயிற்சிக்கு நன்றி. கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, மனம் லேசாகும் நேரத்தில் பயிற்சியாளரின் கைபேசி ஒலித்தது. பதினொரு பேரும் கண்ணைத் திறக்காமலே ஒரே குரலில், "வணக்கம், புகார் பிரிவு" என்றோம். அவர் மிரண்டு போனார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஏழாம் இருக்கை அம்மா மட்டும் சிரிப்பு அழுகையாக மாறி, நிறுத்த முடியாமல் வெளியே போனார். அந்த ஒரு மணி நேரத்து அழைப்புகளை மறுநாள் சேர்த்து முடித்தோம்.

4. சென்ற மாதம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. என் கைபேசி அலமாரியில் இருந்ததால் என் தங்கை புகார் எண்ணுக்கே அழைத்திருக்கிறாள். அது என் இருக்கைக்கு வந்தது. "அக்கா, அப்பா குளியலறையில விழுந்துட்டாரு" என்றாள். புகார் சொல்பவர்கள் எல்லாருமே என்னை அக்கா என்றுதான் அழைப்பார்கள். நான், "எந்தத் தெரு?" என்று கேட்டேன். "நம்ம தெருதான்க்கா!" என்று அலறினாள். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, ஏழு நாட்களுக்குள் சரி செய்யப்படும், நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டேன். குரலில் ஒரு குறையும் இல்லை. பணி முடிந்து அலமாரியைத் திறந்து, தவறிய அழைப்புகள் பதினான்கைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. படுக்கையில் இருந்தபடி, "ஏழு நாள்ல சரியாயிடும்னு சொன்னியாமே, எட்டு நாளாச்சேம்மா" என்று கேலி செய்தார். தங்கை இன்றுவரை என்னிடம் பேசவில்லை. அவள் கோபம் நியாயமானது. ஐயா, அவளுடைய குரலே எனக்குத் தெரியாமல் போனது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

5. பதிவறையில் ஓர் இடம் காலியாக உள்ளது. அங்கே கோப்புகள் மட்டுமே, அவை மணியடிப்பதில்லை. மூன்று முறை கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்தேன். அவர் நல்லவர், கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. "உங்க குரல் ஒண்ணு போதும்மா. திட்ட வந்தவன்கூட நன்றி சொல்லிட்டு வைக்கிறான். உங்களை விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்று மூன்று மனுக்களையும் மேசைக்குள் வைத்துவிட்டார். சுமாராக வேலை செய்த இருவருக்கு மாறுதல் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்தது சிறந்த பணியாளர் சான்றிதழ்.

6. எனவே தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். தங்களுக்கு வரும் எந்த மனுவும் முதலில் எங்கள் பிரிவில் பதிவாக வேண்டும். இந்த வாரம் பதிவது நான்காம் இருக்கை. ஆகவே இம்மனுவை நானே பதிந்து, எனக்கு நானே எண் கொடுத்துவிட்டேன். ஏழு நாள் முடிந்ததும், குறை தீர்ந்ததா என்று மனுதாரரின் கைபேசிக்கு அழைத்துக் கேட்பதும் நான்காம் இருக்கையின் வேலை. அவர் மூன்றாவது மணிக்குள் எடுக்காவிட்டால் கணினி தானாகவே "தீர்க்கப்பட்டது" என்று குறித்து மூடிவிடும்.

வரும் திங்கட்கிழமை நான் என் எண்ணுக்கு அழைப்பேன். அது அலமாரிக்குள் அடிக்கும். எனக்குக் கேட்கும். எழுந்து போக முடியாது.

ஆகவே ஐயா, அதற்கு முன்பாக இம்மனுவின் மீது ஆணையிட வேண்டுகிறேன். முடியாது என்றாலும் அதைத் தாளில் எழுதி, யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். தயவுசெய்து தொலைபேசியில் மட்டும் சொல்ல வேண்டாம். நானும் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)
நான்காம் இருக்கை

இடம்: புகார் பிரிவு
நாள்: திங்கட்கிழமை. இன்னும் ஏழு நாள் இருக்கிறது.