சங்கு லூர்தைக் கொன்றது யார், பொன்னுத்தாயி?

என் அருமைப் பொன்னுத்தாயி,

நீ போன இடத்தில் சுகமா என்று கேட்கமாட்டேன். உன்னோடு இருக்கிறவர்கள் சுகமா என்றுதான் கேட்கவேண்டும். இந்நேரம் சங்கு லூர்தைத் தேடிப்பிடித்து நிறுத்தி, உம்மை அடித்தது யார் அண்ணாச்சி என்று கேட்காமலா இருந்திருப்பாய்? உங்கள் சொர்க்கமும் எங்கள் மோட்சமும் அடுத்தடுத்த வீடாகத்தான் இருக்கும். நடுவே ஒரு மதில் இருந்தால் உனக்குப் போதும், பேசியே ஆளைக் கரைத்துவிடுவாய்.

உனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் எழுத எழுதச் சத்தம் போட்டு வாசிக்கிறேன். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர்கள் போடும் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி நாலு வார்த்தை கேட்டார்கள். 'அன்னார் அமைதியே உருவானவர்' என்று எழுத உட்கார்ந்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி உன்னிடமே சொல்லுகிறேன், மற்றவர்கள் வேண்டுமானால் ஒட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

நீயும் நானும் எப்படிச் சிநேகிதமானோம் என்று நினைவிருக்கிறதா? எட்டயபுரத்துப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து மளிகைக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நீ. நான் தோணியை ஓட்டிப்போகிற தண்டலின் பெண்டாட்டி. தோணி கொழும்புக்குப் போனால் சரக்கு இறக்கி ஏற்றி அவர் திரும்புகிற வரைக்கும் எனக்குத் துணை துப்பறியும் கதைகள்தான். புறவாசல் மதிலோரம் உட்கார்ந்து நான் வாய்விட்டு வாசிப்பேன், அந்தப் பக்கம் நீ அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாய். பாதிக் கதையிலேயே கொலைகாரன் இவன்தான் என்று சொல்லிவிடுவாய். பத்துக்கு ஒன்பது தப்பாக இருக்கும். வெட்கப்பட்டதே கிடையாது.

அப்படி இருந்த நமக்கு நம் தெருவிலேயே ஒரு கொலை வந்து வாய்த்தது. சங்கு வியாபாரம் பண்ணின லூர்து, பெண்சாதி இறந்தபின் மூலைவீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்த மனிதர். ஈஸ்டருக்கு முன் நாங்கள் நோன்பிருக்கிற தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, தலையில் அடிபட்டுக் கூடத்தில் கிடந்தார். கதவு உடைபடவில்லை. ஒரு பொருள் களவு போகவில்லை. சண்டைக் காலம், குண்டு விழும் என்று ஊரே விளக்கை அணைத்துக் கிடந்த சமயம். முந்தின நாள் பொழுது அடைந்தபின் அந்த வீட்டுக்கு யார் வந்தார் யார் போனார் என்று எவருக்கும் தெரியவில்லை.

எனக்குப் பிணம் என்றால் நடுக்கம், வாசலோடு நின்றுவிட்டேன். எங்கள் பெண்கள் கூடத்தில் முழங்காலிட்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்கள். நீயோ நேரே குசினிக்குள் போய் அடுப்பையும் சட்டியையும் பார்த்துவிட்டு வந்துவிட்டாய். அன்று மத்தியானம் மதிலைத் தட்டி என்னைக் கூப்பிட்டபோது உன் முகத்தில் இருந்த பிரகாசத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புத்தான். சாவு வீட்டுக்குப் போய்வந்த முகமா அது?

சட்டியில் இறைச்சிக் குழம்பு இருந்தது என்றாய். வெள்ளிக்கிழமை, அதுவும் தபசு காலத்து வெள்ளிக்கிழமை, கிறிஸ்து வேதக்காரர் வீட்டில் இறைச்சி வேகுமா என்று என்னையே கேட்டாய். வேகாது, அன்றைக்கு எங்களுக்கு இறைச்சி விலக்கு என்றேன். எங்கள் தெருவில் கோழிகூடக் கவலையில்லாமல் திரிகிற நாள் அது. அப்படியானால் லூர்து தனக்காகச் சமைக்கவில்லை, விருந்தாளிக்காகச் சமைத்தார், அந்த விருந்தாளி வேதக்காரன் இல்லை, கதவைத் திறந்துவிட்டது அவனுக்குத்தான், அடித்ததும் அவன்தான் என்று வரிசையாக அடுக்கினாய். இறைச்சிதானா, நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, இறைச்சி தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன் என்று சண்டைக்கு வந்தாய். உள்ளதைச் சொல்லவேண்டும், அன்றைக்கு நீ அடுக்கியது எனக்கும் சரி என்றே பட்டது. நாம் வாசித்த எந்தக் கதையிலும் இப்படி ஒரு துப்பு இல்லை.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தாயா? தண்ணீர்க் குழாயடியில் சொன்னாய், கடை வாசலில் சொன்னாய், சட்டியை எடுத்துப்போக வந்த போலீஸ்காரரிடமும் சொன்னாய். இன்ஸ்பெக்டர் கடலில்லாத உள்நாட்டு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். சுத்த மரக்கறிக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்தே சட்டியைப் பார்த்தாராம். உன் துப்பு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வேதக்காரன் அல்லாமல் லூர்து வீட்டுக்குள் உட்கார்ந்து சீட்டாடுகிற ஆள் தெருவில் ஒரே ஒருத்தன்தான். உங்கள் கடையிலேயே வேலை பார்த்த உன் தம்பி முத்தையா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து லூர்துக்குச் சாமான் கொண்டுபோனவனும் அவன்தான். வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன் என்று அவன் சொன்னதை யார் கேட்டார்கள்? கடையிலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று நீ மதிலைத் தட்டவில்லை, ஏறிக் குதித்தே வந்தாய். என் குசினியில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாய்.

"என் தம்பிக்கு நானே கயிறு திரிச்சிட்டேனேக்கா. நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாவ, எனக்குக் கேட்டுச்சா?"

அழுது என்ன ஆகப்போகிறது? முதலிலிருந்து சொல், ஒன்றையும் விடாமல் சொல் என்றேன். அப்போதுதான் அந்த மகா ரகசியத்தை வெளியே விட்டாய். குழம்பின்மேல் கொழுப்புப் படிந்திருந்ததாம், அது பச்சை நிறமாம், ஆகவே விஷமாம். கதையில் துப்பறிகிறவன் முக்கியமான துப்பைக் கடைசி அத்தியாயம் வரைக்கும் சொல்லாமல் வைத்திருப்பானே, அதுபோல நீயும் வைத்திருந்தாயாம். என்னிடம்கூடச் சொல்லாமல்!

நான் சிரித்துவிட்டேன். நீ என்னை அடிக்க வந்தாய்.

"ஏளா, அது விசமும் இல்ல, ஆட்டிறைச்சியும் இல்ல," என்றேன். "அது ஆமை. பேராமைக்குக் கொழுப்பு பச்சையாத்தான் இருக்கும்."

கடலில் கிடைக்கிற ஆமை எங்களுக்கு மீன் கணக்கு. வெள்ளிக்கிழமையும் தின்போம், தபசிலும் தின்போம். அது உனக்கு எப்படித் தெரியும்? ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லுகிற வீட்டில் பிறந்து அப்படியே ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டில் ஆமை சமைக்கிற நாளில் உன் மாமியார் புறவாசல் கதவையே சாத்திவிடுவாள். வேக வைத்தால் பார்க்க இறைச்சிபோலத்தான் இருக்கும், உன்னைக் குற்றம் சொல்லமுடியாது. லூர்து விருந்தாளிக்குச் சமைக்கவில்லை, தன் ஒருவயிற்றுக்குச் சமைத்தார் என்று நான் சொன்னபோது, அழுத கண்ணோடு நீ என் முகத்தைத் தாங்கிப் பிடித்து முத்தம் கொடுத்தாய்.

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோமே, அந்தக் காட்சியை யாராவது நாடகமாகப் போடவேண்டும். ஆமை இறைச்சியா மீனா என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். கடலில் நீந்துவதெல்லாம் இங்கே மீன்தான் என்கிறார் சாமியார். அதற்குக் காலிருக்கிறதே என்கிறார் இன்ஸ்பெக்டர். நண்டுக்கும்தான் கால் இருக்கிறது என்று நடுவே புகுந்தாய் நீ. கடற்கரையில் ஆமை அறுத்துக் கூறு போடுகிறவரும் வந்து, வெள்ளிக்கிழமை காலையில் லூர்து ஒரு கூறு வாங்கினார் என்று சொன்னார். சட்டியை விட்டால் முத்தையாவைப் பிடித்து வைக்க அவர்களிடம் வேறொன்றும் இல்லை. மறுநாள் விட்டுவிட்டார்கள்.

தெருவே சந்தோஷப்பட்டது. நான் பாயசம் வைத்தேன். நீ மட்டும் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றாய். ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்டேன்.

"விட்டுட்டாவன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. அவன் கொல்லலன்னு ஒராளு சொல்லுதாவளாக்கா?"

நீ சொன்னபடியேதான் நடந்தது. அவனுக்குப் பெண் கேட்டுப் போன இரண்டு இடத்திலும் முதலில் சரி என்றார்கள். தெருவில் விசாரித்துவிட்டுப் போனவர்கள் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. கொன்றவன் அகப்படுகிற வரைக்கும் அவன் பெயரோடு அந்தப் பேச்சும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஆகிவிட்டது. உன் தம்பி சீட்டாடுவதை விட்டான், பிறகு சிரிப்பதையும் விட்டான்.

நீயோ விட்ட இடத்திலிருந்து மறுபடியும் துப்புத்துலக்க ஆரம்பித்தாய். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலிலிருந்து எவனோ படகில் வந்து அடித்துவிட்டுப் போனான் என்று ஒரு மாதம் சாதித்தாய். அடுத்தது லூர்துக்குக் கொழும்பிலிருக்கிற மருமகன். அதன்பின் அவருடைய சங்கு வியாபாரத்தில் பங்காளியாக இருந்த பெரியதாழைக்காரன். பெரியதாழை நான் பிறந்த ஊர், எனக்குக் கோபம் வராதா? ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. ஒரு துப்பும் இல்லாமல் ஆளை மாற்றிக்கொண்டே போகிறாயே, ஏதாவது ஒன்றில் நில் என்று எத்தனை தடவை சொன்னேன்! நான் எதிர்த்துப் பேசப் பேச உன் குரல் ஏறும். பால்காரி நின்று கேட்பாள், வண்ணார் நின்று கேட்பார், அவர்களோடு நீ தனியாக இன்னொரு தர்க்கம் வைத்துக்கொள்வாய்.

போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. அதற்கு அப்புறம் நடந்ததைக் கேள்.

வெள்ளைக்காரன் போய் இவ்வளவு நாளாகியும் ரேஷன் போகவில்லை. உன் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து கணக்கைத் தப்பாகப் போடுகிறார், திருத்த ஆளில்லை. மூலைவீட்டுக்கு உப்பளத்து மேஸ்திரி ஒருவர் குடிவந்திருக்கிறார். முத்தையாவுக்கு எட்டயபுரத்துப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பனார் நல்ல விவரமான மனிதர், காலையிலேயே வந்து வீடு வீடாக விசாரித்திருக்கிறார். கடைசியாக என் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

நான் மறைக்கவில்லை பொன்னு. போலீஸ் அவனைக் கொண்டுபோனதையும், ஆமையையும், விட்டுவிட்டதையும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வீட்டுல கொன்னது கப்பல்காரன்னு சொல்லுதாவ. எதிர்வீட்டுல மருமவன்னு சொல்லுதாவ. குழாயடியில பங்காளின்னு அடிச்சுச் சொல்லுதாவ. இத்தனை பேரு இருக்கையில, அந்தப் பிள்ளையப் போயி ஏம்மா புடிச்சாவ?"

தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனவள், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒரு வீட்டில்கூட முத்தையா பேரை எடுக்கவில்லை. நீ சொன்ன ஆட்கள் எல்லாரும் வாய்க்கு வாய் மாறித் தெருவெல்லாம் நின்று உன் தம்பியை மறைத்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்துதான் செய்தாயா? இல்லை, வழக்கம்போல வாய் சும்மா இருக்கமாட்டாமல் செய்தாயா? கிட்ட இருந்து எதிர்த்துப் பேசிய எனக்கே தெரியாமல்போயிற்றே.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாலையும் கழுத்துமாக உன் தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அதைப் பார்க்க நீ இல்லையே என்று எனக்குத் தாங்கவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. வழக்கு என் பொறுப்பு. கொன்றவனை என்றைக்காவது கண்டுபிடித்தால் முதலில் உனக்குத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் யாராவது மறந்தும் முத்தையா பேரை எடுத்தால், உடனே புதிதாக ஒரு சந்தேகத்தைக் கொண்டுவந்து நடுத்தெருவில் நிறுத்துவேன். பெரியதாழைக்காரனாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு வயிற்றில் பிறக்காத உன் அக்காள்,
பிலோமினா