உங்களுக்கு நான் வைத்த பட்டப்பெயர்

அண்ணை,

இன்று காலை மண்ணெண்ணெயில் ஓடும் மினிபஸ் ஒன்று எங்கள் ஒழுங்கை வாசலில் புகை கக்கிவிட்டுப் போனது. என் மனிசி இருமினாள், எனக்கு உங்கள் நினைவு வந்தது. டீசல் கிடைத்த காலத்தில் பருத்தித்துறை வீதியில் நாம் ஓடிய பஸ்ஸின் புகை இதைவிட மரியாதையானது. நீங்கள் சாரதி, நான் நடத்துநர். நீங்கள் கண்ணை மூடி முப்பத்தோராம் நாள் செய்த அந்தியேட்டி முடிந்து நாலு நாளாகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய பிழையைப் பொறுத்தவர்தானே.

எண்பத்தைந்தாம் ஆண்டளவில் என்று நினைக்கிறேன். டிப்போக் கன்ரீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது, நாலு பேரைச் சிரிக்க வைக்கும் ஆசையில் வாயை விட்டேன்.

"எங்கடை அண்ணை பஸ் ஓட்டுறேல்லை, மாட்டு வண்டில் ஓட்டுறார். பின்னாலை வாற சைக்கிள்காரன் மணியடிச்சு விலத்திப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெரிய பகிடிக்காரன் என்ற நினைப்பு. அந்தப் பகிடி பொறுப்பதிகாரியின் காது வரைக்கும் போய், அவர் உங்களைக் கூப்பிட்டு, "உம்மை வண்டில் எண்டு சொல்லுறாங்களாம், உண்மையோ?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து டிப்போவில் உங்களுக்கு அதுவே பெயர். நீங்கள் என்னோடு கதைப்பதை நிறுத்தினீர்கள்.

ஆறு மாதம். ஒரே பஸ்ஸில் முன்னால் நீங்கள், பின்னால் நான். "றைட் அண்ணை, போவம்" என்று கூப்பிட்ட வாய்க்கு வேலையில்லை. கயிற்றை இழுத்து மணியை ஒருதரம் அடித்தால் நிற்பாட்டு, இரண்டுதரம் அடித்தால் எடு. அவ்வளவுதான் எங்கள் கதை.

வேலை அதே வேலைதான், பாரம்தான் இரண்டு மடங்கு. எழும்பும்போதே களைப்பு. வயிறு எரியும். இறங்கவேண்டியவரை மறந்து அடுத்த தரிப்பில் இறக்குவேன். ஒருவருக்கே இரண்டு தரம் ரிக்கற் கிழிப்பேன்.

"டிப்போவிலை ஆரோடை கொளுவினனீங்கள்? பிள்ளையளிலை ஏன் எரிஞ்சு விழுறியள்?" என்று மனிசி கேட்டாள்.

"ஒருத்தரோடையும் இல்லை" என்றேன்.

பிறகு அந்தப் புத்தூர்ச் சந்தி. கத்தரிக்காய்க் கடகத்தோடு ஒரு அம்மா பின்வாசலால் இறங்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்காமலே இரண்டு தரம் மணியடித்தேன். பஸ் அசையவில்லை. வீம்புக்கு நிற்கிறீர்கள் என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தேன். அப்போதும் அசையவில்லை. கத்தினேன்:

"அண்ணை, காது அடைச்சுப் போச்சோ?"

நீங்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் வந்தீர்கள். சனம் சண்டை பார்க்கக் கழுத்தை நீட்டியது. நீங்கள் குனிந்தீர்கள். அந்த அம்மாவின் சேலைத் தலைப்பு மிதிபலகைத் தகரத்தில் சிக்கியிருந்தது. நீங்கள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். தலைப்பைக் கிழியாமல் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"தம்பி, காலமை சாப்பிட்டனியே?"

"இல்லை அண்ணை."

"முகத்திலை தெரியுது."

அன்று பஸ் நேரம் பிந்திச் சுணங்கியதற்குப் பொறுப்பதிகாரி விளக்கம் கேட்டார். நடந்ததைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் சொன்னீர்கள்:

"நான் வண்டில்தானே சேர். சுணங்கும்."

வெளியே வந்ததும், "அண்ணை, அந்தப் பகிடி நான்தான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். ஏறு, நேரமாகுது."

அதற்குப் பிறகு கதைத்தோம். என் வயிறு ஆறியது, வேலையும் சரிவந்தது. அந்த ஒரு வசனத்தை மட்டும் நான் முடிக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்க, யுத்தம் வந்து ஓடிய பஸ்களும் நின்றுபோயின.

அந்தியேட்டிக்குக் கரவெட்டியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். பந்தியில் பழைய டிப்போ ஆள் ஒருவர், "வண்டில் நல்ல மனுசன், பாவம்" என்றார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த உங்கள் மூத்த மகன் நிமிர்ந்தார். வாத்தியார் வேலையாம் இப்போது.

"ஏன் அப்பாவை எல்லாரும் வண்டில் எண்டுறவை? அவ்வளவு மெதுவாயோ ஓடினவர்?"

பாதிச் சாப்பாட்டில் எழும்பினேன்.

"அந்தப் பேரை வைச்சவன் நான், தம்பி. அப்பா மெதுவாய் ஓடினவர் இல்லை. ஆக்கள் இறங்கி முடியுமட்டும் நிண்டவர்."

"இவ்வளவு நாளும் அவரிட்டை இதைச் சொன்னனீங்களோ?"

நான் குனிந்து இலையை மடித்தேன். அந்த டிப்போ ஆள்தான், "இருந்து சாப்பிடு மச்சான், பேர் நல்லாத்தானே கிடக்கு" என்று சிரித்தார்.

கை கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்தபோது, பந்தலுக்குள்ளிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

"வண்டிலின்ரை மகன், இஞ்சாலையும் கொஞ்சம் ரசம் கொண்டு வாரும்!"

"ஓம், வாறன்" என்று உங்கள் மகன் போனார்.