டிரையல் பார்க்காமல் தைத்த கோட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாலு மாதமாக ஃபோனில் பேசாத மனுஷன் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய், சொல்கிறேன்.

நீ அனுப்பிய கட்டுரையை அம்மா சத்தமாகப் படித்தாள், நான் சட்டைக்குப் பித்தான் காஜா எடுத்துக்கொண்டே கேட்டேன். கருத்துக்கும் நிஜத்துக்கும் என்ன உறவு என்று இத்தனை தத்துவ அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்களா? அசல் வடிவமெல்லாம் மேலே எங்கோ இருக்கிறது, இங்கே இருப்பது நகல் என்கிறார் ஒருத்தர், எனக்குக் கடைச் சுவரில் தொங்கும், துணிமேல் வைத்து வெட்டுகிற கட்டிங் அட்டைதான் ஞாபகம் வந்தது. அவருடைய மாணவரே, இல்லை, வடிவம் பொருளுக்குள்தான் இருக்கிறது என்று மாறிவிட்டாராம். பொதுப்பெயரெல்லாம் வெறும் பெயர், உலகத்தில் இருப்பது தனித்தனி ஆள்தான் என்றவர் நிச்சயம் தையல்காரர் வீட்டுப் பிள்ளை, நாற்பது சைஸ்காரர் இரண்டு பேர் ஒரே மாதிரி இருந்து நான் பார்த்ததில்லை. கட்டுரைக் கடைசியில் வருகிறவரோடுதான் எனக்குத் தகராறு. நம் மனசு வெட்டிய அட்டை வழியாகத்தான் எதையும் பார்க்கிறோம், அதற்கு வெளியே உள்ளது தெரியவே தெரியாதாம். அவரை ஒருநாள் டிரையல் நேரத்தில் கடையில் உட்கார வைக்கணும். நோட்டில் என்ன அளவு இருந்தாலும், கையைத் தூக்கினால் தோளில் துணி இழுக்கிறதே, அது யார் சொல்லும் பதில், உடம்புதானே?

இப்படி நான் வீறாப்பாகப் பேச, அம்மா கட்டுரையோடு வந்த உன் போட்டோவை நீட்டினாள். நான் தைத்து அனுப்பிய கோட்டில் நிற்கிறாய். நல்லா இருக்குப்பா என்று பின்னால் எழுதியிருக்கிறாய், ஆனால் ஒரு பித்தானும் போடவில்லை, தோள் இரண்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நோட்டைப் புரட்டினால் அது நீ கல்லூரிக்குப் போன வருஷம் எடுத்த அளவு. ஊருக்கெல்லாம் டிரையல் பார்க்கிறவன் பெற்ற பெண்ணுக்கு ஆறு வருஷப் பழைய அளவில் வெட்டியிருக்கிறேன். வேலையை விட்டுத் தத்துவம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, என் பொண்ணு இப்படிப் பேசமாட்டா என்றேன். "உங்க மனசுல இருக்கற பொண்ணு வேறப்பா, நான் வேற" என்றாய். கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. உள்தையலில் இரண்டு விரல் துணி விட்டிருக்கிறேன், அங்கே யாரிடமாவது பிரித்துத் தைத்துக்கொள். எந்த அளவும் முடிந்த அளவு இல்லை என்று கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. படிப்பை மனசாரப் படி, நீ தொட்டதெல்லாம் துலங்கணும், அம்மாவின் ஆசியும் அதுவே. இதோடு அளவெடுக்கிற டேப் ஒன்று வைத்திருக்கிறேன், மறக்காமல் எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூப்பிடுகிறேன். நீ உன் அளவைச் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன், இந்தத் தடவை பென்சிலால்.

இப்படிக்கு,
நோட்டில் புதுப் பக்கம் திருப்பி வைத்திருக்கும்
உன் அப்பா