கரியா, கறியா

பெரம்பலூர்
4-8-83

அன்பு மகள் கண்ணகிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், கான்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். உன் அப்பா ஒரு வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வெள்ளிக்கிழமை உன் சித்தப்பா ராசாங்கம், தா.பழூரிலிருந்து உனக்கொரு சம்பந்தம் பேச மாப்பிள்ளையின் அம்மா அப்பாவை அழைத்துவந்தார். நம்மைப்போல் வள்ளலார் வழிக்காரர்கள், முட்டைகூடத் தொடாதவர்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார். பொண்ணு என்ன படிக்குது என்று மாப்பிள்ளையின் அம்மா பொன்னுத்தாய் கேட்க, சித்தப்பா பெருமை தாங்காமல், எங்க பொண்ணு கரியை ஆராய்ச்சி பண்ணுதுங்க என்றார். அந்தம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டது. கையால தொடுமா என்றது. தொடாம எப்படிங்க, அதுவே சுட்டு எடுத்துத் தட்டுல வச்சுப் பாக்குதுங்க என்று இவர் அளக்கிறார். ஐயோ, நம் ஊர் வாய்க்குக் கரியும் ஒன்று, கறியும் ஒன்று! மாப்பிள்ளையின் அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பரண்மேல் கிடந்த சிம்னி விளக்கை எடுத்து ஏற்றி, கண்ணாடியைக் கழற்றி, திரியைத் தூண்டித் தட்டை மேலே காட்டினேன். இந்தக் கரிங்க, இது தீக்குள்ள எப்படிப் பொறக்குதுன்னுதான் பாக்குறா என்றேன். நீ எழுதியதையும் சொன்னேன், முதலில் கண்ணுக்கே தெரியாத உருண்டைகளாகப் பிறந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிளைகிளையாகச் சரம் பிடித்து, ஈரம் பட்டால் சுருங்கி உருண்டுகொள்ளும் என்று. அந்தம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தட்டில் அந்தக் கருப்பைப் பார்த்ததும், கரண்ட் வராத காலத்தில் நீ அதே விளக்கடியில் குப்புறப் படுத்துப் படித்ததெல்லாம் கண்முன் வந்துவிட்டது. வெளிச்சம் போதவில்லை என்று திரியை ஏற்றி ஏற்றிக் கண்ணாடியைக் கருக்கிவிடுவாய், ரேஷன் சீமெண்ணெய்டி என்று நான் கத்துவேன். காலையில் மூக்குச் சிந்தினால் கருப்பாக வரும், துடைக்கிறேன் என்று மீசை வேறு வைத்துக்கொள்வாய். தண்ணி மாதிரி இருக்குற எண்ணெய்ல இம்புட்டுக் கருப்பு எங்கம்மா இருந்துச்சு என்று ஒருநாள் கேட்டாய், கேள்விக்கு மட்டும் குறைச்சலில்ல, போடி என்று துரத்தினேன். இப்போது வீடு பளிச்சென்று இருக்கிறது, கத்துவதற்குத்தான் ஆளில்லை.

கிளம்பும்போது பொன்னுத்தாய், எங்களுக்குச் சம்மதம்ங்க, தையில முடிச்சிடலாம், படிப்ப மட்டும் அதோட நிறுத்திடணும் என்றது. உன் அப்பா தலையாட்டப் போனார். எனக்கும் ஆசை வராமலில்லை கண்ணு, தா.பழூர் என்றால் நினைத்தபோது பஸ் ஏறி உன்னைப் பார்த்துவிடலாமே. ஆனால் என் வாய், படிப்ப முடிக்காம எம்பொண்ணு வரமாட்டாங்க என்று சொல்லிவிட்டது. அவர்கள் போய்விட்டார்கள். நல்ல இடத்தக் கெடுத்துட்டியேடி என்று உன் அப்பாவுக்குக் கோபம். உன்னைக் கேட்காமல் பேசிவிட்டேன், உன் மனதில் வேறு இருந்தால் ஒளிக்காமல் எழுது.

தீப்பக்கம் நிற்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள், வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. அருட்பெருஞ்சோதி உனக்குத் துணை இருக்கட்டும். பாதியில் விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாயோ, கதவைத் திறக்கமாட்டேன். முடித்துவிட்டால் ஒரு நாள்கூட அங்கே தங்காதே, அடுத்த ரயிலைப் பிடி. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
இரா. செங்கமலம்