அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்த கேள்வி

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உனக்குச் சளி விட்டதா? அப்பா போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார் என்று அண்ணியிடம் அழுதாயாம். தபாலில் போட்டால் வாரமாகும், அதனால் அவருக்குத் தெரியாமல் இதை மெயிலில் அனுப்புகிறேன்.

நம் வெப்சைட் கடை நடக்கிற விதம் உனக்குத் தெரியும். நான் போய்ப் பேசுவேன், உன் அப்பா செய்து கொடுப்பார். இல்லாததை இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டு வந்தால், "டேய் சவடால், இன்னைக்கு என்னத்தடா வித்துட்டு வந்தே" என்று திட்டிக்கொண்டே அதை உண்டாக்கிவிடுவார். கேஸ் கீசர் செய்கிற கம்பெனிக்கு வெப்சைட் போட்டோமே, அந்த முதலாளி, வாங்கினவர்கள் கேள்வி கேட்கவும் ஒருவருக்கொருவர் பதில் எழுதவும் அதில் ஒரு ஃபோரம் வேண்டும் என்றார். உலகத்தில் இருக்கிற ஃபோரம் சாப்ட்வேர் அத்தனையையும் கரைத்துக் குடித்தேன், தேறியது மூன்று. ஒன்று பார்க்க லட்சணம், ஓடினால் ஆமை. ஒன்று மாதாமாதம் வாடகை கேட்கும். மூன்றாவது இலவசம், போனிலும் ஓடும், பழைய வெப்சைட்டோடு ஒட்டிக்கொள்ளும். உன் அப்பாவும் அதையே சொன்னார், நான் அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன் என்று வைத்துக்கொள். நான் விளக்கிய விளக்கத்தில் முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எழுந்தவர் ஒன்று கேட்டார், "குறை சொல்லி எழுதுறவன் கண்ணுக்கு மட்டும் அது தெரியணும், மத்தவன் கண்ல படக் கூடாது, முடியுமா?" என்று. "நம்மகிட்ட இல்லாததா சார்" என்றேன். அந்த சாப்ட்வேரில் அப்படி ஒன்று கிடையாது. "வேணாம்டா, எழுதினவங்க பதில் வரும்னு உக்காந்திருப்பாங்க" என்று உன் அப்பா ஒரு வாரம் முனகினார், பிறகு வழக்கம்போல் செய்து கொடுத்தார். குறை சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை இருந்தால் போதும், எழுதினவரைத் தவிர மற்றவர்களுக்குத் தானாக மறைந்துவிடும்.

ஒரு தாய் எழுதியிருக்கிறாள். "கீசர்ல தீ மஞ்சளா எரியுது, பையன் குளிச்சிட்டு வந்தா தலை சுத்துதுங்கிறான், உங்க வீட்லயும் இப்படியா?" என்று. அவள் திறந்து பார்த்தபோதெல்லாம் கேள்வி அங்கேயே இருந்தது, பதில் மட்டும் இல்லை. வேறு யார் கண்ணிலாவது பட்டால்தானே எழுதுவதற்கு? "யாராவது சொல்லுங்களேன்" என்று மறுபடி கேட்டிருக்கிறாள். அவளைப் போலவே இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் அதையே கேட்டிருக்கிறார்கள், ஒருத்தர் கேள்வி ஒருத்தருக்குத் தெரியாமல். மூன்றாம் முறை, "பையன் போயிட்டான்" என்று மட்டும் எழுதினாள். மறைந்த கேள்விக்குக் கீழேயே எழுதியதால் அதுவும் மறைந்தது. மறைந்தவற்றை ஒருநாள் எதேச்சையாகத் திறந்தபோதுதான் உன் அப்பா பார்த்தார். எட்டு வயசுப் பிள்ளை, பாத்ரூமுக்குள். தீ மஞ்சளாக எரிந்தால் வாசனையே இல்லாத விஷவாயு வருமாம். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை மகளே.

அன்றே எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டார். முதலாளி எனக்குப் போன் போட்டு, "சாயங்காலத்துக்குள்ள மூடு, இல்லேன்னா மறைச்சது நீங்கதான்னு போலீஸ்ல சொல்லுவேன்" என்றார். உன் அப்பா போனைப் பிடுங்கி, "சொல்லுங்க சார், மறைச்சது நான்தான். நானே போய்ச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். இப்போது வெப்சைட்டையே முடக்க முதலாளியின் வக்கீல் அலைகிறார். திறந்துவிட்ட கேள்விகளைப் படித்துவிட்டுக் கீசரை நிறுத்திவிட்டோம் என்று ஒவ்வொரு வீடாக எழுதுகிறார்கள், பார்க்காத வீடு எத்தனையோ. அதனால் நீ உடனே அந்தப் பக்கங்களை முழுதாக நகல் எடுத்து, முதலாளி கை எட்டாத வேறொரு வெப்சைட்டில் ஏற்றி வை. உன் அப்பா உன்னைக் கேட்க மாட்டார், "மக முகத்துல எப்படிடா முழிப்பேன்" என்கிறார். காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறோம். "நீ எதையும் ஜோடிக்காதே, நடந்ததை மட்டும் சொல்லு" என்று எனக்கு உத்தரவு. இருவரும் திரும்பி வருவோமா என்று அண்ணி கேட்டாள். வருவோம் என்றேன், எனக்குத் தெரியாது.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் நல்லதாக நடக்க வேண்டும். நீ இருக்கிற வீட்டிலும் கேஸ் கீசர்தான் என்றாயே, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளி. தீ மஞ்சளாகத் தெரிந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிடு. யாரையும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதே அம்மா.

ஆசிகளுடன்,
உன் சித்தப்பா