கோட்டுக்குச் சரிகை எதற்கு

போடிநாயக்கனூர்
17-1-1957

அன்புள்ள மகன் காசிராஜனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் ஆத்தாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் கடிதம் பாதிதான் சொல்கிறது, மீதியையும் எழுதினால் தெரிந்துகொள்வோம். பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. மலையில் பனி இன்னும் விடவில்லை, கடைசி எடுப்பு ஏலக்காய் இறங்கிக்கொண்டிருக்கிறது, குரங்கணிப் பாதையில் இரண்டு இடம் சரிந்து கிடப்பதைப் பற்றி நேற்றுத்தான் மதுரைப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினேன், போட்டால் இந்த வாரம் வரும். ஆத்தாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மச்சுப் பரணிலிருந்து தகரப் பெட்டியைத் தனியாக இறக்கி வைக்கிற அளவுக்குத் தேவலை. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

நீ ஒன்பதாம் தேதி எழுதிய கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. முப்பதாம் தேதி சென்னையில் கப்பல் ஏறுவதாகவும், சிங்கப்பூர் போய்ச் சேர எட்டு நாள் ஆகும் என்றும், நீ போகிற வகுப்பில் கோட்டும் டையும் இல்லாமல் ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவிட மாட்டார்கள் என்றும், புதுக் கோட்டு பெட்டிக்குள் கசங்காமலிருக்க என்ன வழி என்று டெய்லர் பொன்னுமணியிடம் கேட்டு எழுதும்படியும் எழுதியிருந்தாய். கேட்டேன். அவர் மேலே எஸ்டேட் துரைமார்களுக்கு இருபது வருஷம் கோட்டு தைத்தவர், அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோட்டை மடிக்கக் கூடாது, முதலில் புரட்ட வேண்டும். ஒரு தோளை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மற்றத் தோளை அதற்குள் செருகிவிட்டால் லைனிங் துணிதான் வெளியே தெரியும், முதுகு நடுவில் ஒரே ஒரு வளைவு இருக்கும். அப்புறம் இடுப்புக்கு நேரே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து அதன் மேல் கோட்டை இரண்டாக வளைத்துவிட வேண்டும். துண்டு இருக்கிற இடத்தில் மடிப்பு கூராக விழாது. துண்டுக்குப் பதில் பத்திரிகைத் தாளை வைக்கலாமா என்று கேட்டேன். "உங்க பேப்பர் மை ஒட்டுனா எதப் போட்டாலும் போகாதுண்ணே, நீங்க எழுதுனதெல்லாம் தம்பி முதுகுலதான் இருக்கும்" என்றார், கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கால்சட்டையைப் பெட்டியின் அடியில் முதலில் போட்டு, கால் பாகத்தை வெளியே தொங்கவிட்டு, மற்றத் துணிகளையெல்லாம் வைத்த பிறகு அந்தக் கால்களை எடுத்து மேலே மூட வேண்டுமாம். சட்டைக் காலருக்குள் காலுறையைச் சுருட்டி வை, டையை ஒரு டம்ளருக்குள் சுற்றி வை. பெட்டி நிறைந்திருக்க வேண்டும், உள்ளே ஆட்டம் இருந்தால்தான் கசங்கும் என்றார்.

செவ்வாய்க்கிழமை பாதை சரிந்ததைப் பார்க்கக் குரங்கணிக்கு மேலே போனேன். பச்சை ஏலக்காயை இரும்புக் குழாய்ச் சூட்டில் காயவைக்கிற ஸ்டோரில் மருதாயி இருந்தாள். அடுப்புக்கு விறகு தள்ளுவதும் துரை வீட்டுத் துணிக்கு இஸ்திரி போடுவதும் அவள்தான். மழைக்காலத்தில் கோட்டை எப்படி நிமிர்த்துவாய் என்று கேட்டேன். ஈரக் காய் உள்ளே போன முதல் நாள் அறை முழுக்க ஆவியாக இருக்கும், அப்போது கதவோரம் கோட்டைத் தொங்கவிட்டால் சுருக்கமெல்லாம் தானாக இறங்கிவிடும், இஸ்திரிப் பெட்டியே வேண்டாம் என்றாள். "என்ன, தொர நடந்து போனா பின்னாடியே பாயச வாசம் போகும்" என்றாள். உனக்கு ஸ்டோர் கிடையாது, ஆனால் கப்பலில் வெந்நீர்க் குழாய் இருக்கும். குளிக்கும் அறையில் கோட்டை மாட்டி, வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக் கால் மணி நேரம் விடு. அது போதும். இதோடு உன் கேள்வி முடிந்தது.

ஆனால் உன் கடிதம் இதோடு முடியவில்லை. அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது, அதையும் மருதாயிக்குப் படித்துக் காட்டினேன். சரிகை மடிப்பிலேயே கிடந்தால் ஒடியுமா, பாச்சை உருண்டை பட்டால் கறுக்குமா என்று கேட்டிருந்தாய். விறகு தள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "கோட்டுக்குச் சரிகை எதுக்குங்கய்யா" என்றாள். வேட்டிக் கரைக்காக இருக்கும் என்றேன். "வேட்டிக் கரைக்கா இம்புட்டு விசாரிப்பு? தம்பி ஒத்தையாத்தான் போறாரா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கி வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்து, ஊரார் கொடுக்கிற மனுவைப் படிக்கிற மாதிரி படித்தேன். மதுரையில் படிக்கும்போது வேட்டியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்து எழுந்து அதையே கட்டிக்கொண்டு போனவன் நீ. நவம்பரில் ஒரு பெட்டிதான் கொண்டுபோகிறேன் என்று எழுதினாய், இப்போது பெட்டிகள் இரண்டு. கப்பல் அறையில் இரண்டு படுக்கை உண்டு, கூட வருகிறவரால் ஒரு தொந்தரவும் இருக்காது என்று எழுதியிருக்கிறாய். இன்னும் ஏறாத கப்பலில், இன்னும் பார்க்காத ஆளால் தொந்தரவு இராது என்று உனக்கு எப்படித் தெரியும் அப்பு? கடிதத்தோடு நீ இணைத்திருந்த துணி ஜாபிதா உன் கையெழுத்தே இல்லை. உன் எழுத்து வலப்பக்கம் சாயும், அந்த எழுத்து உருண்டையாக நிமிர்ந்து நிற்கிறது, கோடு போடாத தாளில் கோணாமல் எழுதியிருக்கிறது. ஆபீஸ் நண்பர் யாரோ எழுதிக் கொடுத்தார் என்று நீ சொல்லலாம். எழுத வேண்டியது உன் சட்டை எத்தனை, பனியன் எத்தனை என்பதுதானே, அதை ஒரு நண்பர் ஏன் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நான் கேட்பேன்.

நேற்று சின்னமுத்துவைப் பிடித்தேன். உன் அத்தை மகன்தான் என்றாலும் அவன் உனக்கு வேண்டியவன், லேசில் வாயைத் திறக்க மாட்டான். மண்டி ஏலக்காய்ச் சாம்பிளோடு சென்னைக்கு வரும்போதெல்லாம் உன் அறைக்கு வந்துபோகிறவன், அங்கே எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா, தலையணை உறைக்குக்கூட இஸ்திரி போட்டிருக்கு என்றான். காப்பி கொடுத்தானா என்றேன். "கேட்ட ஒடனே வந்துருச்சு மாமா" என்றான். யார் போட்டது என்றேன். யோசித்தான். "மச்சான் எங்கூடத்தான் பேசிக்கிட்டு உக்காந்திருந்தாரு. டம்ளர் கதவோரம் வந்து நின்னுச்சு, எடுத்துக் குடிச்சேன். நமக்கெதுக்கு மாமா அந்தச் சோலி" என்று சொல்லிவிட்டு வெரசாக சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

நான் கோபத்தில் எழுதவில்லை. யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க எனக்கும் வாய் துறுதுறுக்கிறது, அதைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன். முதலில் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். காரணம் உனக்கே தெரியும். சிலமலை சோணை நம் வார்த்தையை நம்பி, மகள் மாயக்காளைக் கேட்டு வந்த இரண்டு இடத்தைத் தட்டிக்கழித்திருக்கிறார். வருகிற புதன்கிழமை தை பத்து, அன்று வெற்றிலை பாக்கோடு நம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவர்கள் வந்து தட்டு மாற்றிவிட்டுப் போய், அடுத்த புதன்கிழமை நீ இன்னொருத்தியோடு கப்பல் ஏறினாய் என்றால் அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும்? தப்பு உன்னுடையதாக இருக்கும், பேச்சு அவளைப் பற்றி இருக்கும். இப்படி எத்தனை வீட்டுக் கதையைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்று என் வீட்டு வாசலிலிருந்து கிளம்பக் கூடாது.

இனி பார்சல் விஷயம். பொன்னுமணி கொடுத்த கோட்டு மாட்டுகிற கட்டை இரண்டு, பிரஷ் ஒன்று, நடுவில் வைக்க மெத்தென்ற துண்டு இரண்டு, இவ்வளவையும் காடாத் துணியில் வைத்து நானே கோணி ஊசியால் தைத்தேன். சின்னமுத்து கையில் கொடுத்துவிடப் போகிறேன், அவன் வழியில் பிரித்துப் பார்க்கிறவன், ஆகையால் தையலை எண்ணி வைத்தேன். பதினாறு. மண்டித் தராசில் நிறுத்தும் பார்த்தேன், சரியாக ஒரு வீசை. அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை நான் குரங்கணி போயிருந்தேன் என்று எழுதினேன் அல்லவா. இன்று காலை பார்சலைத் தூக்கினால் கை வித்தியாசம் சொன்னது. எண்ணினேன், தையல் இருபத்தொன்று. நிறுத்தேன், ஒன்றே கால் வீசை. சின்னமுத்து இன்னும் பார்சலைத் தொடவே இல்லை. தைத்த நூலும் என்னுடைய சணல் நூல் இல்லை, வீட்டில் தலையணைக்குத் தைக்கிற வெள்ளை நூல். முகர்ந்து பார்த்தேன், ஏலக்காய் வாசம். உன் ஆத்தா பூச்சி வராமலிருக்கத் தகரப் பெட்டியில் ஏலக்காயை முடிந்து வைப்பது உனக்குத் தெரியும். அந்தப் பெட்டியில் இருப்பது அவளுடைய பட்டுகளும், போன சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போனபோது வருகிற மருமகளுக்கென்று அவள் எடுத்து வைத்த அரக்குச் சேலையும்.

சாப்பிடும்போது சும்மா கேட்டேன், புதன்கிழமைக்குச் சிலமலைக்காரர்களுக்கு என்ன சமைக்கிறாய் என்று. இரண்டு வருஷமாக மாயக்காள், மாயக்காள் என்று என் காதைத் துளைத்தவள், குழம்பை ஊற்றிக்கொண்டே, "புள்ள கப்பல் ஏறட்டும், அதுக்குள்ள என்ன அவசரம்? நான் சோணையண்ணன் வீட்டுக்குச் சொல்லி விட்டுட்டேன்" என்றாள். என்ன சொல்லிவிட்டாய் என்றேன். "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன், நீங்க சாப்புடுங்க" என்றாள். ஆக உன் மேல் இருந்த சந்தேகம் இப்போது இரண்டாகப் பிரிந்து பாதி உன் ஆத்தா மேல் வந்து நிற்கிறது. நீ அவளுக்குத் தனியாக எழுதினாயா, அல்லது நான் படித்துக் காட்டிய கடிதத்திலிருந்தே, மருதாயியைப் போல, அவளும் கண்டுபிடித்துவிட்டாளா தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்த ஊர்ச் செய்தியை ஊருக்கு முன்னால் தெரிந்துகொண்டவன் நான். என் வீட்டுச் செய்தி ஸ்டோரில் விறகு தள்ளுகிறவளுக்கும் சின்னமுத்துவுக்கும் தெரிந்து, எனக்குக் கடைசியாக வருகிறது.

தகரப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் உறுதியாகியிருக்கும். நான் திறக்கவில்லை. நேரில் பார்க்காமல் எதையும் எழுதியதில்லை, இந்த ஒன்றைப் பார்க்காமல் எழுதுகிறேன், பார்த்துச் சொல்ல வேண்டியவன் நீ. இன்று வியாழன். சின்னமுத்து இந்தக் கடிதத்தோடும் பார்சலோடும் சனிக்கிழமை காலை உன் அறையில் இருப்பான். அன்றே எனக்குத் தந்தி கொடு. சிலமலைக்கு உன் ஆத்தா என்ன சொல்லி விட்டாளோ தெரியாது. மாயக்காளின் பெயருக்கு ஒரு குறையும் வராதபடி நானே நேரில் போய்ச் சோணையிடம் பேசுவேன், அதற்கு எனக்கு உன் வாயால் உண்மை வேண்டும். முப்பதாம் தேதி நானும் ஆத்தாவும் துறைமுகத்துக்கு வருகிறோம். மாலை ஒன்று வாங்குவதா இரண்டு வாங்குவதா என்பதையும் அந்தத் தந்தியிலேயே சொல்லிவிடு.

கடல் காற்றில் தலையை நனைக்காதே. கப்பல் ஆடுகிற முதல் நாள் வயிற்றைக் காலியாக வைக்காதே. சுருளி வேலப்பர் துணையாக இருப்பார். உனக்கும், அந்தத் துணி ஜாபிதாவைக் கோணாமல் எழுதிய கைக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஒரு வேளை அது ஆபீஸ் நண்பர்தான் என்றால் அவருக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல். மறந்துவிடாதே, பார்சலைப் பிரிக்கும்போது வெள்ளை நூல் இருக்கிற பக்கம் கத்தியை ஆழமாக விடாதே, தையலை ஒவ்வொன்றாக அறு. மேலாக இருப்பது பட்டு என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மொக்கச்சாமி