புத்தகத்தில் இல்லாத சட்டங்கள்

இன்று காலை லோரன்ஸ் வீதியில் ஒரு பொலிஸ்காரி என் காரை மறித்தாள். பின்பக்கச் சிவப்பு விளக்கில் ஒன்று எரியவில்லையாம். லைசென்ஸைக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் துண்டையும் கேட்டாள். முன்பெட்டியைத் திறந்து துழாவியபோது, பழைய காகிதங்களுக்கு அடியில் பிசுபிசுப்பாக ஏதோ கையில் பட்டது. உன்னுடைய இஞ்சி இனிப்புப் பை. மருந்து குடித்தபின் வயிற்றைப் பிரட்டுகிறது என்று நீ வாங்கி வைத்தது. மூன்று கோடையில் உருகி, மூன்று பனிக்காலத்தில் இறுகி, ஒரே கட்டியாகக் கிடந்தது. மணம் மட்டும் போகவில்லை. கார் முழுக்க இஞ்சி. பொலிஸ்காரி குனிந்து என் முகத்தைப் பார்த்து, சுகமில்லையா என்று கேட்டாள். சுகம்தான் என்றேன். விளக்கைக் கெதியில் மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் போகவில்லை. ஓரமாகவே நின்றேன்.

உனக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. பன்னிரண்டு வருடம் ஒரே பாண் தொழிற்சாலையில், வெந்த பாண் ஓடிவரும் ஒரே பெல்ட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்று பாண் அடுக்கியவர்களுக்குக் கடிதம் எதற்கு? முதல் வருடம் "நீர்" என்று மரியாதையாகப் பேசினோம். எந்த நாளில் "நீ" ஆனோம் என்று நினைவில்லை. நீ கலியாணம் கட்டாதவள், தனிய இருக்கிறவள், சொந்தமாகக் கார் வைத்திருக்கிறவள். இந்த மூன்றையும் சேர்த்து மற்றப் பெண்கள் உன்னைப் பற்றிக் கதைத்தது உனக்கும் தெரியும். நீ அவர்களையும் பனிநாட்களில் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டாய்.

சாப்பாட்டு அறையில் ஒருநாள் கேட்டாய்.

"நீ ஏன் இன்னும் லைசென்ஸ் எடுக்கேல்லை?"

"இவர் இருக்கிறார்தானே. கேட்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்."

"அவர் என்ன பஸ்ஸோ?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் பெல்ட்டில் நிற்கும்போது அது என்னைக் குடைந்தது. என் கணவர் கொடுமைக்காரர் இல்லை. பகல் முழுக்க ஒரு கூரியர் வானில் ஓடிக் களைத்து வந்தாலும், கோயிலுக்கு என்றால் கோயிலுக்கு, கடைக்கு என்றால் கடைக்குக் கூட்டிப்போவார். ஆனால் எப்போது போவது என்பது அவர் கையில். இருபத்தைந்து வருடம் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்து நின்றிருக்கிறேன். அதை ஒரு குறையாக நினைக்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் நீ சாரதிகளுக்கான புத்தகத்தைக் கொண்டுவந்தாய். மூலைகள் மடிந்த, உன் பழைய புத்தகம். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. எழுத்துச் சோதனையைத் தமிழிலேயே எழுதலாம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. எழுதினேன். அந்தத் தமிழ் எங்கள் யாருடைய தமிழும் இல்லை. ஒரு கேள்வியை மூன்றுதரம் வாசித்து, மனதுக்குள் ஆங்கிலத்துக்கு மாற்றித்தான் விளங்கிக்கொண்டேன். இரண்டு பகுதியிலும் இருபதுக்குப் பதினாறு எடுக்கவேண்டும். பதினெட்டும் பதினேழும் எடுத்தேன்.

கையில் ஜி1 வந்தது, பழகுகிறவர்களுக்கான முதல் லைசென்ஸ். வீட்டில் காட்டினேன். இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடுத்தது சரி. உதை வைச்சு என்ன செய்யப் போறாய்? ஆர் உனக்குப் பக்கத்தில இருக்கிறது? எனக்கு ஏலாது. என்ர நெஞ்சு தாங்காது."

நீ இருந்தாய். சனிக்கிழமைதோறும் உன் சாம்பல் நிறக் காரில், வெக்ஸ்போர்ட் ஒழுங்கைகளில் தொடங்கி, பிறகு வோடன், பிறகு எக்லிங்டன். முதல் நாளே சட்டங்களை வாசித்துக் காட்டினாய். ஜி1காரி தனியக் கார் ஓடக்கூடாது. முழு லைசென்ஸோடு நாலு வருடமாவது ஓடியவர் பக்கத்தில் இருக்கவேண்டும், முன் இருக்கையில் அவரைத் தவிர வேறு யாரும் இருக்கக்கூடாது. 401 மாதிரிப் பெருந்தெருக்களில் ஏறக்கூடாது. நள்ளிரவு தொடக்கம் விடிய ஐந்து மணிவரை ஓடக்கூடாது. எனக்கு ஒரு துளி மதுவும் ஆகாது. பக்கத்தில் இருப்பவரும் அளவுக்கு மேல் குடித்திருக்கக்கூடாது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாய்.

"இவ்வளவுதான். இதுக்கு மேல ஆரும் ஏதும் சொன்னா, அது சட்டமில்லை. வீட்டுக் கதை."

புத்தகத்தில் உள்ளதை நீ ஒரு எழுத்தும் மீறவிடவில்லை. 401 இன் ஏறுவழிப் பக்கமே என்னைத் திருப்பவிடமாட்டாய். என்னை முந்திக்கொண்டு ஹோர்ன் அடிப்பவர்களை மட்டும், கண்ணாடியை மூடி வைத்துக்கொண்டு, "போங்கோ ஐயா, உங்கட வீடு பத்தி எரியுதாக்கும்" என்று வைவாய்.

அந்த ஆவணி மாதம் மார்க்கம் நகரத்தில் ஒரு மண்டபத்தில், இவருடைய சொந்தக்காரப் பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. பகல் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு வெளியே வந்தால், ஆண்கள் எல்லாம் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவருடைய கண் சிவந்திருந்தது. கார்த் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓடு. உன்னட்ட ஜி1 இருக்குத்தானே. நான் பக்கத்தில இருக்கிறன்."

நாலு மாதமாக எனக்குப் பக்கத்தில் இருக்க நெஞ்சு தாங்காத மனிதர்.

"நீங்கள் குடிச்சிருக்கிறியள். உங்களைப் பக்கத்தில வைச்சு நான் ஓட ஏலாது."

"பத்து நிமிச ஓட்டம்."

இவருடைய தம்பி சிரித்தார். "அண்ணி, இந்தப் பட்டப் பகலில பொலிஸ் எங்க நிக்கப் போறான்?"

"நிண்டாலும் நிக்காட்டிலும் ஏலாது."

திறப்பை வாங்கி என் கைப்பைக்குள் போட்டு மூடினேன். பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். கூறைச் சேலை, தலையில் பூ, காலில் குதி உயர்ந்த செருப்பு. கொஞ்சத்தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். இவர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வீடு வந்தோம். இரண்டு நாள் இவர் என்னுடன் பேசவில்லை. திங்கட்கிழமை நான் உனக்கு அழுது அழுதுதான் இதைச் சொன்னேன். நீ பாண் பொதியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பஸ்ஸில ஏத்திப் போட்டியே அந்த மனுசனை" என்றாய்.

ஐப்பசியில் ஒரு காலை நீ பெல்ட்டின் பக்கத்திலேயே விழுந்தாய். கை கால் உதறியது. யாரோ பெல்ட்டை நிறுத்தும் வரைக்கும் பாண் பொதிகள் உனக்கு மேலால் விழுந்துகொண்டிருந்தன. தலைக்குள் கட்டி என்றார்கள். வெட்டினார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை என்றார்கள். அதையெல்லாம் நீ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாய். பிறகு அரசாங்கத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. வலிப்பு வந்ததால் உன் லைசென்ஸ் நிறுத்தப்பட்டது என்று. அதற்குத்தான் நீ உடைந்தாய்.

உன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நிறுத்தி வைத்த காரில், நீ சாரதி இருக்கையில் ஏறி இருந்தாய். நான் பக்கத்தில். திறப்பு என் கையில்.

"ஒருக்கா. இந்தக் கட்டடத்தை ஒருக்காச் சுத்திப்போட்டு வாறன். ஆர் பார்க்கப் போறது?"

ஒரு எழுத்தும் மீறவிடாத நீ கேட்டாய். தந்துவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. உன் தலையில் தையல் காயவில்லை.

"அந்த நேரம் உனக்கு வலிப்பு வந்தா, ரோட்டில நிக்கிற பிள்ளைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று இன்றும் நினைக்கிறேன். வேறு எதைச் சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. நீ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாய். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கினாய்.

"சரி. அப்ப நீ கெதியா ஜி2 எடு. என்னை ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது?"

லைசென்ஸ் இல்லாத நீ எனக்குப் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. நீ இல்லாமல் நான் அந்தக் காரை அசைக்கவும் முடியாது. கார் கீழே நிற்க, இரண்டு பேரும் மூன்று பஸ் மாறிக் கதிர்வீச்சுக்குப் போய்வந்தோம். திரும்பி வரும்போது நீ பிளாஸ்டிக் பையைக் கையில் விரித்தபடி இருப்பாய், சத்தி வந்தால் பிடிக்க. அந்தப் பஸ்களில்தான் எனக்கு வெறி பிடித்தது. ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அதில் படித்தால் ஜி2 சோதனைக்கான ஒரு வருடக் காத்திருப்பு எட்டு மாதமாகக் குறையும். மார்கழியில் ஓட்டச் சோதனைக்குப் போனேன். எதிர் வரிசையைக் குறுக்கே வெட்டி இடப்பக்கம் திரும்பவேண்டிய ஒரு சந்தியில், எதிரே வந்த எல்லாக் கார்களையும் விட்டுவிட்டு, போகலாம் என்ற பிறகும் போகாமல் நின்றேன். தோற்றுப்போனேன்.

"நான் அப்பவே சொன்னனான்தானே" என்றார் இவர்.

நீ கட்டிலில் படுத்தபடி கேட்டாய். "எத்தினை தரம் குடுக்கலாம்?"

"எத்தினை தரமும் குடுக்கலாமாம்."

"அப்ப ஏன் அழுறாய்?"

தை மாதம் சித்தியடைந்தேன். ஜி2. இனித் தனிய ஓடலாம், 401 இலும் ஓடலாம். ஒரு துளி குடிக்கக்கூடாது என்பது மட்டும் அப்படியே. அதற்கு எனக்கென்ன கவலை? நீ காரை என் பெயருக்கு எழுதித் தந்தாய். சட்டம் கையை எடுத்ததும் வீடு கையை வைத்தது. பனி கொட்டினால் ஓடாதே. 401 பக்கம் போகாதே. காரில் வேறு பெண்களை ஏற்றாதே, கதைத்துக் கதைத்து இடித்துவிடுவாய். ஒவ்வொன்றையும் நான் உனக்கு ஒப்புவிப்பேன். மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பியும் வாயில் இஞ்சி இனிப்புமாகப் பக்கத்தில் இருந்து, "உது புத்தகத்தில இருக்கோ?" என்று கேட்பாய். இல்லை என்பேன். "அப்ப ஓடு" என்பாய். அப்படி ஒரு வருடம் ஓடினோம். உன்னை ஒருநாளும் நான் ஆஸ்பத்திரிக்குப் பிந்திக் கொண்டுபோனதில்லை.

அடுத்த மார்கழியில் உன் தம்பி உன்னை விட்பியில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். தனிய விடமுடியாத நிலைமை. அவன் நல்ல பெடியன். எனக்குத்தான் நீ பக்கத்தில் இல்லாமல் 401 இல் ஏறப் பயம். இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப்போனார். நானும், வெட்கத்தோடு சொல்கிறேன், பழையபடி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

மாசியில் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் நீ தொலைபேசி எடுத்தாய். குரல் நூலாக இருந்தது.

"இண்டைக்கு வாறியோ?"

பன்னிரண்டு வருடத்தில் நீ என்னை வா என்று கேட்டதில்லை. வேலையில் நின்ற இவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வெளியில பார்த்தனியோ? 401 முழுக்கப் பனி. ஞாயிறு நான் கொண்டு போறன். நீ போகாதை."

"நான் உங்களைக் கேக்கேல்லை. போறன் எண்டு சொல்லுறன்."

"திறப்பை வைச்சிட்டுப் பேசாம இரு."

வைத்துவிட்டேன், தொலைபேசியை.

வோடனில் 401 ஏறினேன். ஏறுவழியில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கினேன். அதற்குப் பிறகு பயப்பட நேரம் இருக்கவில்லை. முன்னால் போன ட்ரக் வாரி இறைத்த பனிச்சேறு கண்ணாடி முழுக்க அடித்தது. வைப்பர் துடைக்கத் துடைக்க மறுபடியும் சேறு. அரை மணி நேர ஓட்டம் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. கதவைத் திறந்த உன் தம்பி, "அக்கா, இந்தப் பனிக்குள்ளையோ?" என்று வாயைப் பொத்தினான்.

நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"எதால வந்தனி?"

"401 ஆல."

உன் உதடு விரிந்தது. "தனியவோ?"

"ஓம். முழுக்க ட்ரக்குகளுக்குப் பின்னால."

"விசரி. சேறடிச்சு ஒண்டும் தெரிஞ்சிராதே." மூச்சு வாங்கிக்கொண்டாய். "திரும்பிப் போகேக்க பின்னால போகாதை. இடம் பார்த்து முந்திப் போ."

மூன்று மணிவரை இருந்தேன். உன் கால்களுக்கு நல்லெண்ணெய் பூசிவிட்டேன். பெல்ட்டில் நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாக விசாரித்தாய். ஒருத்தியைப் பற்றி ஒரு பகிடியும் சொன்னாய். அதை இங்கே எழுதமாட்டேன். வெள்ளிக்கிழமை விடியப் போய்விட்டாய்.

ஞாயிறுவரை நான் காத்திருந்திருந்தால் உன்னைப் பெட்டிக்குள்தான் பார்த்திருப்பேன். இதை நான் இவருக்கு ஒருதரம்தான் சொன்னேன். அழாமல் சொன்னேன். செத்தவீடு முடிந்து எல்லோரும் கலைந்தபோது, அவர் என் காரின் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி இருந்து, பட்டியைப் போட்டுக்கொண்டார். வழிநெடுக இல்லாத பிரேக்கைக் காலால் அமத்திக்கொண்டு வந்தார். மோர்னிங்சைட் தாண்டும்போது, "அண்டைக்கு நீ போனது சரி" என்றார். மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இன்றைக்கும் முழுதாகச் சொல்லமுடியாது.

அடுத்த வருடம் முழு லைசென்ஸ் எடுத்தேன். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் விளக்கை மாற்றிக்கொண்டு விட்பிக்குப் போகிறேன். உன் தம்பியின் பிள்ளைக்கு இன்று பிறந்தநாள். பனி தூறத் தொடங்கிவிட்டது. பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஏறுவழியில் எனக்கு இன்னமும் உள்ளங்கை வியர்க்கும். ஆனால் எந்த ட்ரக்குக்குப் பின்னாலும் நான் நிற்பதில்லை. கண்ணாடியைப் பார்த்து, சிக்னலைப் போட்டு, வேகமாகப் போகிற இடது லேனுக்கு மாறி, முந்திப்போகிறேன். இவர் பக்கத்தில் இருந்தால் மேலே உள்ள பிடியைப் பிடித்துக்கொள்வார். பிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.